வேருக்கு ஷாம்பூ, நுனிக்கு கண்டிஷனர்: தலைக்குக் குளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அதன் வேர்ப்பகுதி சென்ற வாரம் தோலுக்கு வெளியே வந்தது என்றால், நுனி வெளியே வந்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி 400 முறைக்கு மேல் நனைந்து காய்ந்திருக்கிறது. இடையில் எத்தனை வெயில், எத்தனை சீப்பு, எத்தனை முறை சாயம்! தோலை விட்டு வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை. தேய்ந்துபோன மேற்பரப்பை அது தானாகச் சரிசெய்துகொள்ளாது.

ஆகவே ஒரே முடியின் வேரும் நுனியும் வேதியியல் கணக்கில் இரு வேறு மேற்பரப்புகள். ஷாம்பூவும் கண்டிஷனரும் இவற்றிடம் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது. எதை எங்கே போடுவது, எவ்வளவு போடுவது, எவ்வளவு நேரம் விடுவது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

படி 1: உங்கள் முடியின் மேற்பரப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

உதிர்ந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். வேரிலிருந்து நுனி நோக்கி விரல்களை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேர் நோக்கி இழுத்தால் லேசாகத் தடுக்கும். காரணம், முடியின் வெளிப்புறம் முழுக்கச் செதில்கள். ஒவ்வொன்றும் அரை மைக்ரான் தடிமன். ஐந்து முதல் பத்து அடுக்குகள் வரை ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கீற்று வேய்ந்த கூரையைப் போல அவற்றின் விளிம்பு கீழ்நோக்கி, அதாவது நுனியை நோக்கி இருக்கிறது. எதிர்த்திசையில் தேய்த்தால் விளிம்புகள் மாட்டிக்கொள்ளும், நாளடைவில் உடையும்.

கண்ணுக்கு எட்டாத இன்னொரு உறையும் உண்டு. புதிதாக வளர்ந்த முடியின் ஒவ்வொரு செதிலின் மேலும் ஒரு மூலக்கூறு தடிமனில் கொழுப்பமிலப் படலம் ஒன்று வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்பது அதன் பெயர். வேர்ப்பக்கத்து முடி வழுவழுப்பாக இருப்பதும், தண்ணீர் பட்டால் சட்டென்று உறிஞ்சாமல் துளியாக நிற்பதும் இதனால்தான். இந்தப் படலம் எண்ணெய் போலத் தடவிக்கொள்ளக்கூடியதல்ல. போனால் திரும்பி வராது. வெயிலும் உரசலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுகின்றன. காரத்தன்மையுள்ள பெராக்சைடு ஒரே தடவையில் பெரும்பகுதியைக் கழற்றிவிடும். "நான் ப்ளீச் செய்வதில்லை, நரைக்குக் கருப்பு மட்டும்தான் போடுகிறேன்" என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் நிரந்தரக் கருப்புச் சாயத்திலும் வேலை செய்வது அதே காரமும் பெராக்சைடும்தான்.

படலம் போன இடத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, நீரை வெறுத்த மேற்பரப்பு நீரை விரும்பத் தொடங்குகிறது. இரண்டாவது, முடியின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிஸ்டீயிக் அமிலமாக மாறுகின்றன. அது எதிர்மின் சுமை கொண்டது. முடியின் மேற்பரப்பு, பிஎச் என்ற அமில-கார அளவுகோலில் 3.7 அளவில்தான் மின்சுமையற்று இருக்கும். அதற்கு மேல், அதாவது நம் குழாய்த் தண்ணீரிலும் பெரும்பாலான ஷாம்பூக்களிலும், முடி எப்போதும் எதிர்மின் சுமையோடுதான் இருக்கிறது. பழைய நுனியில் அந்தச் சுமை இன்னும் கூடுதல். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டிஷனரின் வேலை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து முடியின் தன்மையைச் சொல்லும் சோதனை ஒன்று பரவலாக இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். முடியில் ஒட்டியுள்ள எண்ணெயும் காற்றுக் குமிழியும் முடிவைத் தலைகீழாக்கிவிடும். சாயம் போட்டது எப்போது, எந்த நீளம் வரை என்று நினைத்துப் பார்ப்பது அதைவிட நம்பகமான சோதனை.

படி 2: தண்ணீரைப் பாருங்கள்

போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நீரில் கரையாத வெண்மையான பிசுக்காக மாறி முடியில் படியும். குளியல் சோப்பில் தலைக்குக் குளித்தால் முடி விறைத்து, சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரிவது இதனால்தான். சோப்பின் காரத்தன்மை முடியை ஊதவைத்து, எதிர்மின் சுமையையும் கூட்டுகிறது. தலைக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செயற்கைச் சலவைப்பொருள்கள் 1930களில் ஷாம்பூவில் நுழைந்தபோது தீர்ந்த முதல் சிக்கல் இந்தப் பிசுக்குதான். சோடியம் லாரெத் சல்ஃபேட் உப்புத் தண்ணீரிலும் பிசுக்காக மாறாமல் நுரைக்கும். ஆனாலும் கால்சியம் எதிர்மின் சுமையுள்ள நுனிகளில் நேரடியாகவே ஒட்டிக்கொள்ளும். சாயம் போட்ட முடியில் இது இன்னும் அதிகம். டைசோடியம் இடிடிஏ என்று பாட்டிலில் எழுதியிருந்தால், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால், அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் தலைக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று வாளியில் பிடித்து வைப்பவர்கள் பலர். பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் அது சரி. குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம் என்பதால் தலைக்கு ஆகாது. மழைநீரோ வேறு மென்னீரோ ஒரு சொம்பு கிடைத்தால் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: குளிப்பதற்கு முன் எண்ணெய்

முடி நனைந்தால் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு வரை ஊதும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஊதலும் சுருங்கலும் செதில் விளிம்புகளைத் தளர்த்துகின்றன. தேங்காய் எண்ணெய் இதைக் குறைக்கிறது. ரேலே, மோஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரான சங்கிலி கொண்டது, முடிக்குள் நுழைந்துவிடுகிறது. கனிம எண்ணெய் மேலேயே நின்றுவிடுகிறது. பளபளப்பு அதிலும் வரும். உள்ளே பாதுகாப்பு வராது. வாசனை எண்ணெய் வாங்கும்போது லிக்விட் பாராஃபின் என்றோ மினரல் ஆயில் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீளத்துக்கும் நுனிக்கும் தாராளமாகத் தடவுங்கள், தலைத்தோலுக்குக் கொஞ்சம் போதும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் உணவு. இரவு முழுக்க ஊற முடியாவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டாலும் பயன் உண்டு.

படி 4: பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில், 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். முதலில் தண்ணீர், அடுத்து சுத்தம் செய்யும் பொருள்.

சோடியம் லாரில் சல்ஃபேட், சல்ஃபேட் குடும்பத்தில் கடுமையானது. சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட மென்மையானது. இவற்றோடு கோகோஅமிடோப்ரொபைல் பீட்டைன் சேர்ந்தால் தோலுக்கு ஏற்படும் எரிச்சல் குறைகிறது. இரண்டும் கலந்த கூட்டுத்துகள்களிலிருந்து தனி மூலக்கூறுகள் பிரிந்து தோலைத் தாக்குவது குறைவு. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் இன்னும் மென்மையானது. சல்ஃபேட் என்றாலே புற்றுநோய் என்று பரப்பப்படும் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. எண்ணெய் வைத்துக் குளிப்பவருக்குச் சல்ஃபேட் உள்ள ஷாம்பூதான் முழுமையாகப் பிசுக்கை எடுக்கும். எண்ணெய் வைக்காதவர், சாயம் போட்டவர், தோல் வறண்டவர் ஆகியோர் சல்ஃபேட் இல்லாததைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து, நீண்ட பெயர் ஒன்றைத் தேடுங்கள்: குவார் ஹைட்ராக்சிப்ரோபைல்டிரைமோனியம் குளோரைடு, அல்லது பாலிகுவாட்டர்னியம்-10. முதலாவது கொத்தவரை விதையின் பிசினிலிருந்து தயாராவது. நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரைதான். அந்தப் பிசினில் நேர்மின் சுமையை ஏற்றியிருக்கிறார்கள். அது என்ன செய்கிறது என்பதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறாம் படியில் வருகிறது.

கண்டிஷனர் பாட்டிலில் பெஹென்டிரைமோனியம் குளோரைடு அல்லது செட்ரிமோனியம் குளோரைடு, கூடவே செட்டியரில் ஆல்கஹால் இருக்க வேண்டும். ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இது முடியை உலர்த்தும் எத்தனால் கிடையாது. மெழுகு போன்ற கொழுப்புப் பொருள். வழுவழுப்புக்காகச் சேர்க்கும் சிலிக்கோன்களில் டைமெத்திகோன், படலம் குலையாத முடியில் நன்றாகப் படியும். சாயம் போட்ட முடிக்கு அமோடைமெத்திகோன் ஏற்றது. அதில் நேர்மின் சுமை ஏறும் அமினோ தொகுதிகள் இருப்பதால் சேதமான இடத்தைத் தேடி ஒட்டுகிறது. சிலிக்கோன் முடியை மூச்சுவிட முடியாமல் செய்யும் என்பது வெறும் பேச்சு. உயிரில்லாத முடி மூச்சு விடுவதில்லை.

படி 5: முதல் நுரை தலைத்தோலுக்கு

நனைக்கும் முன் அகன்ற பல் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு தண்ணீரை நன்றாக ஊற்றி முடி முழுக்க நனையவிடுங்கள். பாதி நனைந்த தலையில் ஷாம்பூ போட்டால் அது விழுந்த இடத்திலேயே கெட்டியாக நின்றுவிடும்.

ஷாம்பூவை உள்ளங்கையில் தேய்த்துத் தலைத்தோலில் மட்டும், விரல் நுனிகளால் தடவுங்கள். அழுக்கும் தோலெண்ணெயும் உற்பத்தியாகும் இடம் அதுதான். சலவை மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. வால்கள் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைகின்றன. படலம் முடியோடு ஒட்டியிருக்கும் பரப்பு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் உருண்டு துளியாகப் பிரிகிறது. பிரிந்த துளியைச் சுற்றி எதிர்மின் சுமையுள்ள தலைகள் நிற்கின்றன. முடியின் சுமையும் எதிர்மின் என்பதால் துளி மீண்டும் ஒட்டாமல் விலகுகிறது.

நுனியில் இதே வேலை மிக எளிதாக நடந்துவிடுகிறது. நீரை விரும்பும் மேற்பரப்பில் எண்ணெய்க்குப் பிடிப்பு குறைவு. ஆகவே நுனியைத் தனியாகத் தேய்க்க வேண்டியதே இல்லை. அலசும்போது வழிந்து வரும் நுரை போதும். முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்குவது செதில்களை எதிர்த்திசையில் உரசுவதோடு சிக்கையும் உண்டாக்கும்.

எண்ணெய் வைத்த தலையில் முதல் முறை நுரை வராது. ஷாம்பூ வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். எண்ணெய் நுரையை உடைக்கிறது, அவ்வளவுதான். நுரை வரும்வரை மேலும் மேலும் ஊற்றாமல் அலசிவிட்டு, இரண்டாம் முறை பாதி அளவு போடுங்கள். எண்ணெய் வைக்காத நாளில் ஒரு முறையே போதும்.

பொடுகு ஷாம்பூ என்றால் தலைத்தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட வேண்டும். மருந்து தோலில் தங்கினால்தான் பலன். உடனே அலசினால் சாதாரண ஷாம்பூ போட்டதற்குச் சமம்.

படி 6: அலசல்

அலசல் என்றால் அழுக்கு போவது என்று மட்டும் நினைக்கிறோம். ஆனால் ஷாம்பூவிலுள்ள கண்டிஷனிங் பொருள் முடியில் படிவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பாட்டிலுக்குள் நேர்மின் சுமையுள்ள கொத்தவரைப் பிசினும் எதிர்மின் சுமையுள்ள சலவைப்பொருளும் ஒன்றாக இருக்கின்றன. சலவைப்பொருள் மிக அதிகம் என்பதால் பிசின் அதற்குள் கரைந்து கிடக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சலவைப்பொருளின் செறிவு இறங்குகிறது. ஒரு கட்டத்தில் பிசினைக் கரைத்து வைக்கும் அளவுக்கு அது மிஞ்சாது. அப்போது இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஜெல் துளிகளாகப் பிரிந்து முடியில் படிகின்றன. வழியில் சிலிக்கோன் துளிகளையும் பொடுகு மருந்துத் துகள்களையும் பிடித்துக்கொண்டு படிகின்றன. சுத்தமும் செய், பூசவும் செய் என்ற முரணான இரண்டு வேலைகளை ஒரே பாட்டிலில் அடக்க முடிந்தது இப்படித்தான். 1987இல் அமெரிக்காவில் வந்த பெர்ட் பிளஸ் ஷாம்பூ இந்த டூ-இன்-ஒன் வகையைப் பெரிய அளவில் பரப்பியது.

கடலூரில் தொடங்கி நாடெங்கும் பரவிய சாஷே பாக்கெட்டை நாம் பெரும்பாலும் சொம்புத் தண்ணீரில் கரைத்துத்தான் தலையில் ஊற்றுகிறோம். கண்டிஷனிங் உள்ள ஷாம்பூவை அப்படிக் கரைத்தால், பிரிதல் சொம்பிலேயே தொடங்கிவிடுகிறது. படிய வேண்டியதில் பெரும்பகுதி வழிந்து தரைக்குப் போய்விடும். நனைந்த தலையில் நேரடியாகப் போட்டு, நுரைத்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். தோல் எரிச்சல் உள்ளவர்கள் கரைத்தே பயன்படுத்தலாம், ஆனால் அன்றைக்கு வேண்டியதை மட்டும். கரைத்து மிச்சம் வைத்தால் பதப்படுத்தும் பொருளும் நீர்த்துப்போய், இரண்டொரு நாளில் கிருமி வளரத் தொடங்கும்.

படி 7: கண்டிஷனர்

முதலில் முடியைப் பிழிந்து தண்ணீரை வடியுங்கள். சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் போட்டால் பாதி வழிந்துவிடும். காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கும் நுனிக்கும் மட்டும் தடவுங்கள்.

கண்டிஷனரின் மூலக்கூறுக்கு நேர்மின் சுமையுள்ள தலை. முடிக்கு எதிர்மின் சுமை. மூலக்கூறின் தலை, முடியில் ஒட்டுகிறது, அதன் கொழுப்பு வால் வெளிநோக்கி நிற்கிறது. இழந்துபோன அந்தக் கொழுப்பமிலப் படலத்துக்குப் பதிலாக, அடுத்த குளியல் வரை நிற்கும் ஒரு தற்காலிகப் படலம் உருவாகிவிட்டது. எங்கே சுமை அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டும் என்பதால், எங்கே சேதம் அதிகமோ அங்கே தானாகவே அதிகமாகப் போய்ச் சேர்கிறது. இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியவர்களின் அறிவை எண்ணி நான் வியக்காத நாளில்லை. வேரில் போட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கே சுமை குறைவு, இயற்கைப் படலமும் தோலெண்ணெயும் ஏற்கெனவே இருக்கின்றன. முடி தொங்கிப்போய் அன்று மாலையே எண்ணெய் வழிவதுபோல் தெரியும்.

கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும். உரசல் மிகக் குறைவாக இருக்கும் நேரம் இதுதான். ஒட்டும் வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அரை மணி நேரம் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் சாதாரண கண்டிஷனர் கூடுதலாக எதுவும் தந்துவிடாது.

பிறகு அலசுங்கள். நீளத்திலும் நுனியிலும் வழுக்கல் லேசாக மிஞ்சலாம். கிறீச்சென்று சத்தம் வரும்வரை அலச வேண்டாம்.

சீயக்காய் பயன்படுத்துபவர்களுக்கு

சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் வேலை செய்வது சப்போனின்கள் என்ற நுரைக்கும் இயற்கைப் பொருள்கள். கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை என்பதால் போர் தண்ணீருக்குச் சோப்பைவிடப் பலமடங்கு மேல். சீயக்காய் வடிநீர் லேசான அமிலத்தன்மை உடையது, முடியை ஊதவைக்காது. ஆனால் பொடியைக் குழைத்துத் தேய்க்கும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அரைபட்ட நார்த்துகள்கள் செதில்களை உரசித் தேய்க்கின்றன, தலைத்தோலிலும் தங்கிவிடுகின்றன. கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரைப் பயன்படுத்துங்கள். நேர்மின் சுமையுள்ள எதுவும் அதில் இல்லாததால், சாயம் போட்டவர்களுக்கு அதன் பிறகும் கண்டிஷனர் தேவைப்படும். முதல் நாள் ஊறிய தேங்காய் எண்ணெயில் சிறிது முடியிலேயே மிஞ்சியிருந்தால் மற்றவர்களுக்கு அதுவே போதும்.

படி 8: உலர்த்தல்

நனைந்த முடி அதிகமாக இழுபடும், எளிதில் அறுபடும். துண்டால் தலையைத் துவட்டித் தேய்க்காமல், துண்டுக்குள் முடியை வைத்து அழுத்தி எடுங்கள். பழைய பருத்தி வேட்டித்துணி, தடித்த டர்க்கி டவலைவிட நல்லது. ஈரத்தோடு இறுக்கப் பின்னாதீர்கள். டிரையர் பயன்படுத்தினால் மிதமான சூட்டில், காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போகும்படி பிடியுங்கள். சொட்டும் முடியில் சூடான இரும்புத் தகட்டை வைத்தால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடியைக் குமிழி குமிழியாகப் பிளந்துவிடும்.

பலன் சரியில்லை என்றால்

முடி மெழுகு பூசியதுபோல் கனமாக, சீப்பில் வெண்மையாக ஏதோ ஒட்டுகிறது என்றால், பிசினும் சிலிக்கோனும் சேர்ந்துவிட்டன. கண்டிஷனிங் இல்லாத, சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள எளிய ஷாம்பூவால் ஒரு முறை குளியுங்கள். மாதம் ஒரு முறை இப்படிச் செய்தால் போதும்.

முடி விறைப்பாக, சொரசொரப்பாக, சாயமும் மங்கியிருக்கிறது என்றால் தண்ணீரின் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். இடிடிஏ உள்ள ஷாம்பூவுக்கு மாறுங்கள், கடைசி அலசலுக்கு மென்னீர் வையுங்கள்.

வேர் பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோலாகவும் இருந்தால், ஷாம்பூவும் கண்டிஷனரும் இடம் மாறிப் போகின்றன. ஐந்தாம், ஏழாம் படிகளை மீண்டும் பாருங்கள்.

நுனி பிளந்திருந்தால் எந்தக் கண்டிஷனரும் அதை நிரந்தரமாக ஒட்டவைக்காது. அன்றைக்கு ஒட்டியதுபோல் காட்டும், அடுத்த குளியலில் மீண்டும் பிரியும். விட்டுவைத்தால் பிளவு மேலேறும். பிளவுக்கு 1 சென்டிமீட்டர் மேலே, முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரான கத்தரிக்கோலால் நறுக்குங்கள். காகிதம் வெட்டும் மழுங்கிய கத்தரிக்கோல் முடியை நசுக்கி, வெட்டிய இடத்திலேயே அடுத்த பிளவைத் தொடங்கிவைக்கும்.